பில் புருஃபோர்ட் ஏன் யெஸ் குழுவை விட்டுப் போனார்?

கேள்வி இது: "1972-ல் இங்கிலாந்து ராக் குழுவான யெஸ் உச்சத்தில் இருந்தபோது அதன் டிரம்மர் பில் புருஃபோர்ட் விலகி கிங் கிரிம்சன் என்ற இன்னொரு ராக் குழுவுக்குப் போனார். பணமும் பேரும் கைக்கு வருகிற நேரத்தில் அப்படிப் போனது தப்பான முடிவுதானே? அதற்கப்புறம் அவர் என்ன ஆனார்?"

தப்பான முடிவு இல்லை. அவர் வாழ்க்கையை முழுசாக எடுத்துப் பார்த்தால், அவர் செய்த மிகச் சரியான காரியமே அதுதான் என்பேன். ஆனால் அந்த ஒரு விலகலை மட்டும் பிரித்துப் பார்த்தால் புரியாது. ஓர் இடத்தில் கற்றுக்கொள்ள இருந்தது தீர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் மூட்டையைக் கட்டிவிடுகிற மனிதர் அவர். யெஸ்ஸில் முதன்முதலாக அதைச் செய்தார். அப்புறம் பல தடவை செய்தார். கடைசியில் டிரம்ஸையே விட்டுப் போனதும் அதே கணக்கில்தான். அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1949 மே 17-ல் கென்ட் மாவட்டத்தின் செவன்ஓக்ஸ் ஊரில் பிறந்தவர். அப்பா கால்நடை மருத்துவர். வசதியான வீடு, நல்ல பள்ளிக்கூடம். பி.பி.சி. தொலைக்காட்சியில் 'ஜாஸ் 625' என்று ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள் லண்டனுக்கு வரும்போது அதில் வாசிப்பார்கள். பையன் அதைப் பார்த்துத்தான் டிரம்ஸ் மேல் பைத்தியமானான். அக்கா அவனுடைய பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி பிரஷ் வாங்கிக் கொடுத்தார். கம்பி இழைகளால் ஆன அந்த பிரஷ்ஷை ஜாஸ் டிரம்மர்கள் ஸ்னேர் என்கிற, கூர்மையாக ஒலிக்கும் டிரம் மேல் தேய்த்து வாசிப்பார்கள். கையில் ஸ்னேர் இல்லாததால் இசைத்தட்டு உறையின் அட்டைமேல் தேய்த்துப் பழகினான். சத்தம் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்குமாம்.

அவனுடைய நாயகர்கள் மேக்ஸ் ரோச், ஆர்ட் பிளேக்கி, ஜோ மொரெல்லோ. மூன்று பேரும் ஜாஸ்காரர்கள். அந்தத் தலைமுறை இங்கிலாந்து ராக் டிரம்மர்களில் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர்கள் நிறைய. ரோலிங் ஸ்டோன்ஸின் சார்லி வாட்ஸ், கிரீமின் ஜிஞ்சர் பேக்கர் எல்லாரும் அப்படித்தான். ஆனால் வாட்ஸ் ராக் மேடைக்கு வந்ததும் அந்தப் பாட்டுக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் வாசித்தார். புருஃபோர்டால் அப்படி முடியவில்லை. 1968-ல் சவோய் பிரவுன் என்ற புளூஸ் குழுவில் சேர்ந்தார். மூன்றே கச்சேரியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். காரணம், தாளத்தை நேராக வைக்காமல் அதோடு விளையாடினார். புளூஸ் குழுவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பின்னாளில் அவரைக் கேட்கப் போன எல்லோரும் அந்த விளையாட்டைக் கேட்கத்தான் போனார்கள்.

'மெலடி மேக்கர்' பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். பாடகர் ஜான் ஆண்டர்சன் கூப்பிட்டார். ஆண்டர்சனும் பேஸ் கிதார் வாசித்த கிறிஸ் ஸ்குவயரும் அப்போது புதிதாக ஒரு குழு கட்டிக்கொண்டிருந்தார்கள். அதுதான் யெஸ். 1968 ஆகஸ்டில் முதல் கச்சேரி. செப்டம்பரில் புருஃபோர்ட் படிப்பதற்காக லீட்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்! சில வாரங்களில் குழு அவரைத் திரும்ப இழுத்து வந்தது. அந்த நவம்பரிலேயே லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் கிரீம் குழுவின் பிரிவுக் கச்சேரிக்கு முன்னால் வாசித்தார்கள். அவருக்கு வயது 19.

யெஸ்ஸில் அவர் என்ன செய்தார் என்பதைக் காதால் பிடித்துக்கொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

முதலில் அந்த ஸ்னேர். 'ரவுண்டபவுட்' பாட்டைப் போட்டுக் கேளுங்கள். மற்ற ராக் டிரம்மர்களின் ஸ்னேர் 'தப்' என்று விழும். இவருடையது 'டங்' என்று மணி மாதிரி ஒலித்து ஓயும். தோலையும் விளிம்பையும் ஒரே நேரத்தில் குச்சியால் அடிப்பதை ரிம்ஷாட் என்பார்கள். அதை அவர் அடிக்கு அடி செய்தார். தோலை இறுக்கிக் கட்டி, ஒலியை அமுக்காமல் விட்டார். இதற்குப் பின்னால் பெரிய அழகியல் கொள்கை எதுவும் கிடையாது. அந்தக் காலத்துச் சின்ன மன்றங்களில் டிரம்ஸுக்கு மைக் வைக்க மாட்டார்கள். பக்கத்தில் ஸ்குவயரின் பேஸ் இடி மாதிரி முழங்கும், அந்தப் பக்கம் ஆர்கன். அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு காதில் விழ வேண்டுமானால் அடி கூர்மையாக இருந்தாக வேண்டும். கஷ்டத்துக்குக் கண்டுபிடித்த வழி கடைசியில் கையெழுத்தாகிவிட்டது. இன்றைக்கும் ஒரே அடியை வைத்து 'இது புருஃபோர்ட்' என்று சொல்லிவிடலாம். டிரம்மர்களில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் வெகு சிலர்.

அடுத்தது அடி விழுகிற இடம். ராக் இசையில் நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் ஸ்னேர் விழும். கேட்பவர் காலைத் தட்டுவதும் அதற்குத்தான். புருஃபோர்ட் அந்த இடத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் அடிப்பார். 1971-ல் வந்த 'ஃபிரஜைல்' ஆல்பத்தில் 'லாங் டிஸ்டன்ஸ் ரன்அரவுண்ட்' என்று ஒரு பாட்டு. மற்றவர்கள் நான்கில் வாசிக்கும்போது, இவர் ஐந்தாக எண்ணி அடித்துக்கொண்டிருப்பார். அடி ஒவ்வொரு சுற்றிலும் நகர்ந்து நகர்ந்து போகும். கவனிக்காமல் கேட்டால் ஏதோ துள்ளுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கவனித்துக் கேட்டால் தரை நகர்வது தெரியும். அதே ஆல்பத்தில் அவரே எழுதிய ஒரு துணுக்கும் உண்டு. வெறும் 35 நொடி. பெயர் 'ஃபைவ் பர்சென்ட் ஃபார் நத்திங்'. பழைய மேலாளருக்கு ராயல்டியில் 5 சதவீதம் போய்க்கொண்டிருந்ததை வைத்து வந்த பெயர்.

சரி, இனி 1972. 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தை லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, பதினெட்டரை நிமிடத்துக்கு மேல். அதை ஒரே மூச்சில் வாசித்துவிடவில்லை. துண்டு துண்டாக எழுதி, துண்டு துண்டாகப் பதிவு செய்து, டேப்பை வெட்டி ஒட்டிச் சேர்த்தார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஐந்து பேரும் கூடிப் பேசுவார்கள். கிதார் இங்கே வரலாமா, ஆர்கன் ஒரு படி மேலே போகலாமா, பேஸ் இன்னும் கொஞ்சம் கூர்மையாக இருக்கலாமா? நள்ளிரவு தாண்டியும் பேச்சு முடியாது. சோபாவில் தூங்கி எழுந்து பார்த்தால் அதே குமிழை இன்னும் திருகிக்கொண்டிருப்பார்கள் என்று புருஃபோர்ட் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆல்பத்தின் பெயரைச் சொன்னவரும் அவர்தான். விளிம்புக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். குழு அன்றைக்கு இருந்த நிலையைத்தான் அப்படிச் சொன்னார்.

அந்த ஆல்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த வகை இசையில் அதைத் தாண்டி ஒரு ஆல்பம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. புருஃபோர்டுக்கும் அப்படித்தான் தோன்றியது. விலகியதற்குக் காரணமே அதுதான். இதற்குமேல் இந்தக் குழுவோடு நம்மால் செய்ய முடியாது, அடுத்து வருவது இதன் நகலாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார். இன்னொன்று, ஜாஸ் கேட்டு வளர்ந்தவருக்கு இசை என்பது அந்த நேரத்தில், அந்த மேடையில், பக்கத்தில் நிற்பவருக்குப் பதில் சொல்வது. மூன்று மாதம் உட்கார்ந்து பேரம் பேசி முடிவாகும் சங்கதியில் அவருக்கு மூச்சு முட்டியது. கிதார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப்பின் கிங் கிரிம்சன் மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஆசை. அந்தக் கதவு திறந்ததும் போய்விட்டார். ஜூலை 1972. ஆல்பம் கடைக்கு வந்தது செப்டம்பரில்தான். அமெரிக்காவில் 3-ஆம் இடம், பிரிட்டனில் 4-ஆம் இடம்.

சும்மா விடவில்லை. அமெரிக்கப் பயணம் வரிசையாக ஏற்பாடாகியிருந்த நேரம். புருஃபோர்டுக்குப் பதிலாக டிரம்மர் அலன் ஒயிட் வந்து சில நாட்களிலேயே அத்தனை பாட்டையும் கற்றுக்கொண்டு மேடையேறினார். அது அவருடைய வீரம், அதைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ஆனால் தான் வாசித்த ஆல்பத்தின் ராயல்டியை அவரோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய கட்டாயம் புருஃபோர்டுக்கு வந்தது. அது போக 10,000 டாலர் இழப்பீடும் கட்ட நேர்ந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். 23 வயதுப் பையன் இதையெல்லாம் தெரிந்தே போனான்.

கிரிம்சனில் அவருக்குக் கிடைத்த முதல் பரிசு ஜேமி மியூர். அந்தக் குழுவில் தாளத்துக்கு இரண்டு பேர். புருஃபோர்ட் டிரம்ஸில் உட்கார்ந்திருப்பார். மியூர் தகரத் தகடு, சங்கிலி, சமையல் தட்டு, பொம்மை, பறவை விசில் என்று கையில் கிடைத்ததையெல்லாம் வைத்துக்கொண்டு மேடையில் அலைவார். வாயில் சாய மாத்திரையைக் கடித்து ரத்தம் வழிகிற மாதிரி நிற்பார். பார்த்தால் கோமாளித்தனம். ஆனால் நீ இசைக்குச் சேவகன், இசை உனக்குச் சேவகம் செய்ய வந்ததல்ல என்கிற பாடத்தைத் தனக்குச் சொல்லிக் கொடுத்தவர் மியூர்தான் என்று புருஃபோர்ட் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். சில மாதத்திலேயே மியூர் இசையை விட்டு ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போய்விட்டார். இருவரும் சேர்ந்து வாசித்த ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றே ஒன்று, 1973-ல் வந்த 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'.

இங்கே ஒரு கிளைக்கதை. 1973 மார்ச்சில் புருஃபோர்டுக்குக் கல்யாணம். விருந்துக்கு யெஸ்ஸிலிருந்து ஜான் ஆண்டர்சனும் வந்தார், மியூரும் வந்தார். பேச்சுவாக்கில் பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' புத்தகத்தைப் பற்றி மியூர் சொன்னார். நம்மூரில் எத்தனையோ வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகம். ஆண்டர்சன் அதைப் படித்தார். சாத்திரங்களைப் பற்றி அதில் வரும் ஓர் அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு, நான்கே பாட்டு கொண்ட இரட்டை ஆல்பம் ஒன்றை யெஸ் செய்தது. 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்'. ஆக, தான் விட்டு வந்த குழுவின் அடுத்த ஆல்பத்துக்கான விதை புருஃபோர்டின் கல்யாணப் பந்தியில் விழுந்தது!

மியூர் சொல்லிக் கொடுத்தது புருஃபோர்டுக்குள் இறங்கியதா என்று கேட்டால், 'ட்ரையோ' என்ற பாட்டைத்தான் காட்டுவேன். 1973 நவம்பர் 23, ஆம்ஸ்டர்டாம் கான்செர்ட்கெபௌ மண்டபம். கிரிம்சன் மேடையில் எழுதி வைக்காமல், அப்போதைக்கப்போது கற்பனையாக வாசிக்கிற குழு. அன்றைக்கு டேவிட் கிராஸின் வயலின் மெல்ல ஆரம்பிக்கிறது. ஜான் வெட்டனின் பேஸ் சேர்கிறது. ஃப்ரிப் மெலோட்ரான் என்ற கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியை எடுக்கிறார். மூன்றும் சேர்ந்து ஒரு மெல்லிய மெட்டு உருவாகிக்கொண்டே போகிறது. புருஃபோர்ட் எந்த நொடியிலும் உள்ளே வரலாம். ஆயிரக்கணக்கான பேர் முன்னால், டிரம்ஸ் எதிரில், 24 வயதில், அத்தனை வேகமான கை! அவர் குச்சிகளை நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசிவரை ஒரு அடி அடிக்கவில்லை. அந்தப் பதிவு 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்' ஆல்பத்தில் வந்தபோது, இசையமைத்தவர்கள் பட்டியலில் நான்கு பேரின் பெயரும் இருந்தது. அடிக்காமல் இருந்ததையும் இசையமைப்பாகவே மற்ற மூவரும் எடுத்துக்கொண்டார்கள். டிரம்ஸ் கற்கிற பையன்கள் யாராவது என்னிடம் வந்தால் முதலில் போட்டுக் காட்டுவது இதைத்தான்.

அப்புறம் 1974-ல் 'ரெட்'. என்னைக் கேட்டால் கிரிம்சனின் சிகரம் அதுதான். கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்'. அதன் முதல் பகுதி வெட்டன் பாடும் மெட்டு. நடுவில் பாட்டு நின்று, பேஸ் கிதார் தாழ்ந்த குரலில் 13 எண்ணிக்கையில் ஒரு சுற்றை ஆரம்பிக்கும். அதன் மேல் ஃப்ரிப் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக ஏறுவார். அந்தப் பேஸ் சுற்றை எழுதியது டிரம்மர் புருஃபோர்ட். அவரும் அங்கே உடனே வந்து குதிப்பதில்லை. சின்னச் சின்னத் தட்டலாக ஆரம்பித்து, நிமிடக்கணக்கில் காத்திருந்து காத்திருந்து அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போவார். அதே ஆல்பத்தில் 'ஒன் மோர் ரெட் நைட்மேர்' பாட்டில் ஒரு சிம்பல், அதாவது டிரம்ஸோடு மாட்டும் உலோகத் தட்டு, உடைந்த தகரம் மாதிரி கத்தும். குப்பையில் கிடந்த, வளைந்துபோன சிம்பல் அது. எடுத்து மாட்டிக்கொண்டார்.

அந்த ஆல்பம் வெளிவருவதற்குக் கொஞ்சம் முன்னால், 1974 செப்டம்பரில், ஃப்ரிப் குழுவைக் கலைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கேள்வி கேட்டவர், "பார்த்தீர்களா, இரண்டே வருஷத்தில் நடுத்தெருவுக்கு வந்துவிட்டாரே" என்று சொல்லலாம். பணக்கணக்கில் அது உண்மைதான். யெஸ் அப்போது பெரிய அரங்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தது. இவர் கொஞ்ச நாள் காங் குழுவோடு, கொஞ்ச நாள் நேஷனல் ஹெல்த் குழுவோடு என்று அலைந்தார். 1975-ல் ஜெனிசிஸ் குழுவின் பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகிய பின், டிரம்மர் ஃபில் காலின்ஸ் பாட ஆரம்பித்தார். காலின்ஸ் முன்னால் நின்று பாடும்போது பின்னால் உட்கார ஒரு ஆள் வேண்டும். 1976-ல் புருஃபோர்ட் அந்த ஒரு சுற்றுப்பயணத்துக்குப் போனார். 'செகண்ட்ஸ் அவுட்' நேரடி ஆல்பத்தில் 'சினிமா ஷோ' பாட்டில் கேட்பது அவர் கைதான். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அடுத்தவர் வீட்டில் சம்பளத்துக்கு வாசிக்கிற வேலை தனக்கு ஒத்துவராது என்று அங்கேதான் அவருக்குத் தெளிவானது. இசையின் உருவாக்கத்தில் கை இல்லாவிட்டால் அவருக்கு மனசு ஒட்டாது.

அதனால் சொந்தக் குழு. 'ஃபீல்ஸ் குட் டு மீ' 1978-ல் வந்தது, 'ஒன் ஆஃப் எ கைண்ட்' 1979-ல். அலன் ஹோல்ட்ஸ்வர்த் கிதார், ஜெஃப் பெர்லின் பேஸ், டேவ் ஸ்டூவர்ட் கீபோர்டு. புருஃபோர்ட் பியானோவில் உட்கார்ந்து மெட்டு எழுதினார். நடுவில் யு.கே. என்ற குழுவில் வெட்டனோடு சேர்ந்து ஒரு ஆல்பம். சொந்தக் குழுவுக்குக் காசு போதாமல் 1980-ல் அது நின்றது.

1981-ல் ஃப்ரிப் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை இரண்டு அமெரிக்கர்கள் கூட, கிதாரும் பாட்டும் ஏட்ரியன் பெலூ, பேஸும் ஸ்டிக் என்ற தந்திக் கருவியும் டோனி லெவின். டிரம்மருக்கு ஃப்ரிப் போட்ட நிபந்தனைதான் சுவாரசியம். முடிந்தவரை சிம்பல் கூடாது, காலால் மூடித் திறக்கும் ஜோடி சிம்பலான ஹை-ஹேட்டின் வழக்கமான ஓட்டமும் கூடாது. டிரம்ஸ் வாசிப்பவரிடம் இதைச் சொல்வது, எழுதுகிறவனிடம் உயிரெழுத்து இல்லாமல் எழுது என்று சொல்வது மாதிரி. ராக் டிரம்மரின் வலது கை நாள் முழுக்க உலோகத்தின் மேல்தான் இருக்கும். நேரத்தைப் பிடித்து வைத்திருப்பதே அந்தக் கைதான். அதை எடுத்துவிட்டால் இரண்டு காரியம் நடக்கும். சிம்பலின் 'ஸ்ஸ்ஸ்' என்கிற ஒலி அடைத்திருந்த மேல் ஸ்தாயி காலியாகி, இரண்டு கிதார்களின் பின்னலும் துல்லியமாகக் கேட்கும். டிரம்மரும் பழக்கத்தில் வாசிக்க முடியாது. ஒவ்வொரு அடிக்கும் புதிதாக யோசிக்க வேண்டும். புருஃபோர்ட் முனகினார், ஆனால் செய்தார். அறுகோண வடிவ சிம்மன்ஸ் மின்னணு டிரம்ஸைக் கொண்டு வந்தார். மரத்தில் பிளவு போட்ட ஸ்லிட் டிரம், சுருதி சேர்த்த சின்ன டிரம்கள் எல்லாம் சேர்ந்தன. அந்த 'டிசிப்ளின்' ஆல்பத்தில் 'தி ஷெல்டரிங் ஸ்கை' பாட்டில் அந்த மரத்தின் ஒலி எட்டு நிமிடம் இதயத்துடிப்பு மாதிரி ஓடும்.

அதே ஆல்பத்தின் தலைப்புப் பாட்டில் தாளம் 17 எண்ணிக்கை. அதாவது நான்கு நான்காக நான்கு தடவை எண்ணி, ஒன்றை ஒட்டுவது. கை 17-ல் சுற்றும்போது கால் மட்டும் பேஸ் டிரம்மில் நான்குக்கு ஒன்றாகச் சீராக விழுந்துகொண்டிருக்கும். கை ஒரு சுற்று முடிக்கும்போது கால் ஒரு எண்ணிக்கை தள்ளி நிற்கும். நான்கு சுற்று, அதாவது 68 எண்ணிக்கை முடிந்தபின்தான் இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்கும். நம் தாளக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் பயமுறுத்தாது. ஆனால் ராக் மேடையில், ஆடுகிற கூட்டத்துக்கு முன்னால், கால் சீராக விழுவதால் யாருக்கும் கணக்கே தெரியாத மாதிரி வாசித்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் 'லாங் டிஸ்டன்ஸ் ரன்அரவுண்ட்' பாட்டில் நான்குக்கு எதிராக ஐந்து அடித்த பையன் இப்போது தன் கைக்கு எதிராகத் தன் காலையே நிறுத்துகிறான். யெஸ்ஸில் இருந்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருப்பாரா? வந்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

1984-ல் அந்தக் கிரிம்சனும் நின்றது. 1986-ல் அவர் எர்த்வொர்க்ஸ் குழுவை ஆரம்பித்தார். பலர் அவரைப் பற்றிப் பேசும்போது இதை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது வருத்தம். தன் சின்ன வயதுக் காதலான ஜாஸுக்கு அவர் முழுசாகத் திரும்பிய இடம் இது. லூஸ் டியூப்ஸ் என்ற லண்டன் ஜாஸ் பெருங்குழுவிலிருந்து இரண்டு இளைஞர்களை அழைத்தார், சாக்ஸஃபோன் இயன் பாலமி, கீபோர்டும் டெனர் ஹார்னும் ஜாங்கோ பேட்ஸ். இருவரும் அவரைவிடப் பல வயது சின்னவர்கள். பெயர் பெற்ற ராக் நட்சத்திரம், கற்றுக்கொள்வதற்காகத் தன்னைவிடச் சின்னவர்களிடம் போய் உட்கார்ந்தார்.

முதல் சில வருஷம் மின்னணு டிரம்ஸில் பட்டையைத் தட்டினால் சுரம் வரும்படி, பல சுரங்கள் சேர்ந்த ஒலிக்கூட்டே வரும்படி அமைத்து வாசித்தார். டிரம்மரே பாட்டின் சுருதி மாற்றத்தை நடத்திக்கொண்டு போவார். அந்தக் காலத்து மின்னணுக் கருவி மேடையில் எப்போது மக்கர் பண்ணும் என்று சொல்ல முடியாது. அந்தத் தலைவலியோடு ஊர் ஊராகப் போனார். 1997-க்கு மேல் அதையும் மூட்டை கட்டிவிட்டு, பியானோ, பேஸ், சாக்ஸஃபோனோடு மின்சாரம் இல்லாத ஜாஸுக்கு வந்தார். டிரம்ஸ் அமைப்பையும் மாற்றினார். ஹை-ஹேட் வழக்கமாக இடது பக்கம் இருக்கும். அதை நட்டநடுவில் வைத்து, இரண்டு பக்கமும் டாம் என்கிற டிரம்களைச் சமமாகத் தட்டையாகப் பரப்பினார். இப்போது இரண்டு கைக்கும் ஒரே தூரம். ஐம்பதை நெருங்குகிற ஒருவர் முப்பது வருஷப் பழக்கத்தைக் கலைத்துவிட்டு மறுபடி கை பழகுவது சின்ன விஷயம் இல்லை. 1999-ல் வந்த 'எ பார்ட் அண்ட் யெட் அபார்ட்' கேட்டால் அந்தக் கைகள் எவ்வளவு இலேசாகிவிட்டன என்று தெரியும்.

இடையிடையே பழைய ஆட்களோடும் போனார். 1989-ல் ஆண்டர்சன், ரிக் வேக்மன், ஸ்டீவ் ஹவ் மூவரோடும் சேர்ந்து ஒரு ஆல்பம். 1991-ல் யெஸ்ஸின் பழையவர்கள் புதியவர்கள் எட்டுப் பேரும் ஒரே மேடையில், அவரும் அலன் ஒயிட்டும் ஆளுக்கொரு டிரம்ஸில். அந்த 'யூனியன்' ஆல்பம் தனக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் மறைத்ததே இல்லை. 1994-லிருந்து சில வருஷம் ஆறு பேர் கொண்ட கிரிம்சனில் பேட் மாஸ்டெலோட்டோவோடு சேர்ந்து வாசித்தார். அந்த 'திராக்' ஆல்பத்தின் காலம் நன்றாகவே இருந்தது. ஆனால் நாஷ்வில்லில் நடந்த ஒத்திகைகள் எங்கும் போய்ச் சேராதபோது அங்கிருந்தும் கிளம்பினார். 2003-ல் தன் பதிவுகளுக்காகச் சொந்தமாக இரண்டு லேபிள் தொடங்கினார், ஜாஸுக்கு சம்மர்ஃபோல்ட், ராக்குக்கு விண்டர்ஃபோல்ட்.

2009 ஜனவரி 1-ஆம் தேதியோடு மேடையிலிருந்து ஓய்வு. கையில் நோய் இல்லை, அழைப்பு இல்லாமலும் இல்லை. அதே வருஷம் சுயசரிதை வந்தது. படித்தால், ஒவ்வொரு இரவும் நேற்றைய தன்னைவிட ஒரு படி மேலே போக வேண்டும் என்கிற நெருக்கடி அவரை எப்படி அரித்தது என்று புரியும். பின்னர் சர்ரே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். தேர்ந்த டிரம்மர்கள் எப்படிப் படைக்கிறார்கள் என்பது ஆய்வு. பீட்டர் எர்ஸ்கின், சிண்டி பிளாக்மன் போன்ற டிரம்மர்களிடமே போய்ப் பேசி எழுதினார். 2016-ல் முனைவர் பட்டம். 2018-ல் அது 'அன்சார்ட்டட்' என்ற புத்தகமாக வந்தது. 19 வயதில் பாதியில் விட்டு வந்த பல்கலைக்கழகப் படிப்பை அறுபது தாண்டிப் போய் உட்கார்ந்து முடித்தார்.

2017-ல் புரூக்ளினில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் யெஸ்ஸைக் கௌரவித்தபோது அவர் வந்திருந்தார். குழு 'ரவுண்டபவுட்' வாசித்தது. டிரம்ஸில் அலன் ஒயிட். புருஃபோர்ட் வாசிக்கவில்லை.

அதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பத்து வருஷத்துக்கு மேல் குச்சியைத் தொடாதவர், எழுபது வயது தாண்டி மறுபடி உட்கார்ந்து கை பழக ஆரம்பித்தார். இப்போது கிதார் வாசிக்கும் பீட் ராத்தின் மூவர் குழுவில் டிரம்மர். பேஸ் மைக் பிராட். சின்னச் சின்ன ஜாஸ் இடங்களில், இன்னொருவர் பெயரில் இருக்கும் குழுவில் வாசிக்கிறார். அந்தக் காணொளிகளைப் பாருங்கள். கை பழைய வேகத்தில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் என்ன செய்யப் போகிறார் என்று தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வாசிக்கிறார், சிரிப்போடு.

அந்த விலகல் சரியா தப்பா என்று நீங்களே தீர்மானிக்க வேண்டுமானால் ஒரு மாலை ஒதுக்குங்கள். முதலில் 'குளோஸ் டு தி எட்ஜ்' முழுசாக. எழுந்து போகாமல் அடுத்து 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'. ஒன்று 1972 செப்டம்பர், மற்றது 1973 மார்ச். இடையில் ஆறே மாதம். இரண்டாவது ஆல்பத்தின் முதல் பாட்டில் மியூரின் மணிச் சத்தம் நீண்ட நேரம் ஓடும், பொறுமையாக இருங்கள். கிதார் வெடித்ததும் ஸ்னேரைக் கேளுங்கள். அதே 'டங்'தான். ஆனால் அடுத்த அடி எங்கே விழும் என்று இப்போது அவருக்கும் தெரியாது.